பன்னிரண்டு வயதுச் சிறுமி, கோவை

சுகந்தியின் கையில் இருந்த சீட்டு பதினேழு. மேடையில் பதினொன்றாம் சீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம், ஆக இன்னும் பதினைந்து பதினெட்டு நிமிடம். மூன்று நிமிடம் ஆனதும் மேடையோரத்து வெள்ளைச் சட்டைக்காரர் மேஜை மணியை டிங்கென்று அடிப்பார், அடித்த பிறகும் பேசுகிறவர்கள் பேசத்தான் செய்தார்கள், ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன் என்பார்கள், அந்த ஒரே விஷயத்துக்குள் நாலு விஷயம் இருக்கும். சுகந்தி அப்படிப் பேசப்போவதில்லை. வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்துவிட்டாள், இரண்டு நிமிடம் ஐம்பது நொடி, இருமல் வந்தால்கூடப் பத்து நொடி மிச்சம். மடியில் மகள் தாரகையின் கோப்பு இருந்தது. நாலு வருஷமாக மொட்டை மாடியில் வைத்த டப்பாவில் அவள் அளந்து எழுதிய மழைக் கணக்கு, அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் உட்கார்ந்து வரைந்த பம்பின் உள்பாகங்கள், ஒன்றொன்றுக்கும் தேதி. குழு உறுப்பினர்கள் ஐந்து பேரும் இதைப் புரட்டிப் பார்த்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அரசு அமைத்த குழு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறவர்களை என்ன செய்வது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது, இன்றைக்குக் கோவையில் ஒரு கல்லூரிக் கூடத்தில். பதிவு செய்துகொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று விட்டுவிடலாம். அல்லது பதினாலு வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் வருகிற ஜூனில் பள்ளியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று எழுதிக்கொடுக்கலாம். தாரகைக்குப் பதிமூன்று. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேலே சுற்றாமல் நின்றுபோன மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காலையில் ஆதிரை அந்தப் படத்தைத் திரையில் போடும்வரைக்கும். ஆதிரை பல்கலைக்கழகத்து ஆய்வாளர், சின்னப் பெண், போன வருஷம் வீட்டுக்கே வந்து சுகந்தியின் கணவன் தண்டபாணி போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பெற்றோருக்கு எட்டுப் பக்கம், பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று படிவம் கொடுத்துவிட்டுப் போனவள். நானூறு குடும்பத்துக்கு அனுப்பி இருநூற்றுப் பன்னிரண்டு திரும்பி வந்ததாம். வரைபடங்கள், சதவீதங்கள், பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரி. 'வீட்டில் என்னை யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஒரு பதிலுக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் எடுத்துக்கொள்வேன்.' கீழே, பன்னிரண்டு வயதுச் சிறுமி, கோவை. கூடமே கை தட்டியது. குழுத் தலைவி, கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார், படித்துவிட்டுக் குறித்துக்கொண்டார். சுகந்தியும் கை தட்டினாள். ஐந்தாறு தட்டு தட்டின பிறகுதான் அந்த வரி யாருடையது என்று உறைத்தது. அது சுகந்தியே எழுதியது. எத்தனை நல்ல வரி என்று முதலில் ஒரு பெருமை வந்ததே, அந்தப் பெருமை வந்ததைத்தான் இப்போது நினைக்க நினைக்கக் கூசியது. போன வருஷம், படிவத்தில் பிள்ளைக்கான அந்த ஒரு பக்கம் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேஜையில் வெறுமையாகக் கிடந்தது. தாரகை அதன் முன்னால் உட்காருவாள், பேனாவைத் திறப்பாள், மூடுவாள். என்ன கண்ணு ஆச்சு என்றால், யோசிக்கறேன்மா. வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. அவள் குளிக்கப் போன நேரத்தில், அவளுடைய பச்சைப் பேனாவையே எடுத்து, எழுத்தைக் குண்டு குண்டாக்கி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தெருமுனைக் கூரியர் கடைக்கு நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தவள் சுகந்தி. குளித்துவிட்டு வந்த பிள்ளை மேஜையைப் பார்த்தாள், தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவசரப்படுத்துவதில்லை என்று அவசரமாக எழுதிப்போட்ட அந்தக் காரியத்தின் லட்சணம் அன்றைக்குச் சுகந்திக்குத் தெரியவே இல்லை என்றால் யாராவது நம்புவார்களா, ஆனால் நிஜமாகவே தெரியவில்லை.

பன்னிரண்டாவது ஆள் எழுந்து போனார், அமெரிக்காவில் இப்படி, இங்கிலாந்தில் அப்படி என்று ஆரம்பித்தார். சுகந்தியின் காதில் ஏறவில்லை. பதினோரு வருஷம் நூல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். மில்காரர்கள் நூல் சுற்றிய கோன்களை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, இந்தாங்க மேடம், சாம்பிள் நானே எடுத்தாந்துட்டேன் என்பார்கள். நீங்க எடுத்தா அது சாம்பிள் இல்லீங்க, சீர்வரிசைங்க என்று திருப்பி அனுப்புவாள். சொல்லாமல் கொள்ளாமல் கிடங்குக்குள் போய், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, தூசி படிந்த மூலையில் ஒன்று என்று அவளே உருவ வேண்டும், அப்படி எடுத்ததுதான் கணக்கு. எடுத்த கோனையும் உடனே எந்திரத்தில் மாட்டிவிட முடியாது. ஒரு முழு நாள் அந்த அறையிலேயே சும்மா வைத்திருக்க வேண்டும், அறையின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் நூல் பழகவேண்டும், பழகுவதற்கு முன்னால் இழுத்துப் பார்த்தால் அது சொல்லும் பலம் பொய்ப் பலம். லாரி நிக்குதுங்க மேடம், ஏற்றுமதிங்க, இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டுருங்க என்று கெஞ்சுவார்கள். நூல் இன்னும் பழகலீங்க, நாளைக்கு வாங்க. ஒருமுறை முதலாளியே போனில் சத்தம் போட்டார், அப்போதும் நாளைக்கு வாங்க. பஞ்சு நூலுக்கு ஒரு நாள் காத்திருந்த மனுஷி, பெற்ற பிள்ளைக்கு நாலாவது நாள் காத்திருக்கவில்லை. அந்தக் கூடத்தில் அவள் பெயரே 'நாளைக்கு வாங்க மேடம்' என்றுதான் இருந்தது, அதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள், தாரகை விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மணி அடித்தது. பதிமூன்றாவதாகப் பெண்கள் அமைப்பிலிருந்து வந்த அம்மாள், காகிதம் எதுவும் இல்லாமல் பேசினார். "வீட்லயே படிக்குதுன்னு சொல்லிட்டு பொம்பளப் புள்ளையை மில்லுக்கு அனுப்புனா யாருங்க கண்டுபுடிக்கறது? நீங்க எல்லாம் படிச்சவங்க, உங்க புள்ளைங்க மழையை அளக்கும், பட்டாம்பூச்சியை எண்ணும். நீங்க தொறந்து வெக்கற கதவு வழியா வேற யாரு போவாங்கன்னு யோசிச்சீங்களா?" முன்வரிசையில் மோகன்ராம் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக் கல்விப் பெற்றோர் குழுவை நடத்துகிறவர், வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு சட்டப் பிரிவுகளையும் அனுப்புகிறவர், இன்று காலை வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து, நம்ம பக்கம் இருக்கறது ஆதிரையோட இந்த ஒரு ரிப்போர்ட்தான், யாரும் சொதப்பிடாதீங்க என்று சொன்னவர். சுகந்திக்கு உதட்டைப் பிதுக்க வரவில்லை. மில்லுக்குள் அவள் போயிருக்கிறாள். பதினெட்டு என்று எழுதியிருந்த அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பதிமூன்றைத் தாண்டாத முகத்தோடு, இழை அறுந்த இடத்தை ஓடி ஓடி முடிந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். சாம்பிள் எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள், கோன்களைத்தான் எடுத்து வந்தாள், பிள்ளைகளைப் பற்றி எங்கும் சொல்லவில்லை. அந்த அம்மாள் கேட்பது நியாயம். நியாயம் என்று ஒப்புக்கொண்டால் தாரகை ஜூனில் எங்கே போவாள், இதுவும் நியாயம்தானே. அதற்குள் பதினாலு வந்துவிட்டார், ஆசிரியர் சங்கத்துக்காரர், குரல் கணீரென்று இருந்தது. "நானூறுக்கு அனுப்பி இருநூத்திப் பன்னெண்டு வந்துருக்கு. வராத நூத்தி எம்பத்தெட்டு வீட்டுல என்ன நடக்குதுங்க? சரி, வந்த வீட்டுலயே புள்ளைங்க பக்கத்தை எழுதுனது புள்ளைதான்னு யாருங்க பாத்தா?" ஆதிரை எழுந்து, ஒவ்வொரு குடும்பமும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றாள், நிதானமாக, நம்பிக்கையாக. சுகந்திக்குக் காது சூடாகிவிட்டது. அந்த உறுதிமொழியும் நினைவில் இருந்தது, எட்டாம் பக்கத்தின் அடியில், நீல மையில் தன் முழுக் கையெழுத்து.

"அம்மா." தாரகையின் பார்வை மின்விசிறியை விட்டுக் கீழே வந்திருந்தது. "காத்தால திரையில போட்டாங்களே, பன்னெண்டு வயசுப் புள்ள, அது யாரும்மா? நம்ம குரூப்புல இருக்கற புள்ளயா?" "தெரியல கண்ணு." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஓ" என்றாள் தாரகை, திரும்பவும் மின்விசிறிக்குப் போய்விட்டாள். அந்த 'ஓ'வில் என்ன இருந்தது என்று சுகந்தி தேடினாள், ஒன்றும் இல்லாத மாதிரியும் எல்லாம் இருக்கிற மாதிரியும் இருந்தது. போன வருஷம் ஒரு பொய், இன்றைக்கு அதற்குத் துணையாக இன்னொன்று. பேசாமல் இருந்துவிடலாம். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று, அதுவும் பொய்யான விஷயமா என்ன, நாம் அவளை அவசரப்படுத்துவதில்லைதானே, அந்த ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவைதான் திரையில் நின்றது. இதற்காகத்தானே பள்ளியிலிருந்தே கூட்டிவந்தது. இரண்டாம் வகுப்பில் டீச்சர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார், கேள்வி கேட்பார், வகுப்பே சேர்ந்து ஒண்ணு ரெண்டு மூணு என்று பத்துவரைக்கும் எண்ணும், அதற்குள் பதில் சொல்லவேண்டும். மற்ற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாரகை நாலுக்கு வரும்போதே உறைந்துவிடுவாள். எட்டு மாசம் பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டில் காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், சரியான பதில். டீச்சரையும் குற்றம் சொல்ல முடியாது, நாற்பத்தாறு பிள்ளைகள், நாற்பது நிமிடம், பாவம் அவரும் எண்ணித்தானே ஆகவேண்டும். மெதுவாப் படிக்கற குழந்தைங்க இது என்றார்கள். தண்டபாணி ஒரு நாள் கடையிலிருந்து வந்து, கையில் கிரீஸோடு நின்றபடியே, "மோட்டாருக்குக் கம்பியை மெதுவாச் சுத்துனாத்தான் காயில் சரியா உக்காரும். கூட்டிட்டு வந்துரு சுகந்தி" என்றான். நாத்தனார், புள்ளையோட வாழ்க்கையைக் கெடுக்கறீங்க என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள். சுகந்தி வேலையை விட்டாள். ஆறு வருஷம். அந்தப் பிள்ளை இப்போது கடைக்கு வருகிறவர்களிடம், உங்க மோட்டார்ல கோளாறு இல்லீங்க, தண்ணிதான் கீழ போயிருச்சு என்று சொல்லி அனுப்புகிறாள். யோசித்துவிட்டுத்தான் சொல்கிறாள். சொன்னால் சரியாக இருக்கிறது. அவளைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது, அந்தப் பெருமை ஒரு துளியும் பொய் இல்லை, அதில் கலப்படம் செய்ததுதான் தப்பு.

மணி. பதினைந்து. மணி. பதினாறாவது ஆள் வரவில்லை, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், மூன்று நிமிடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று சுகந்தி நம்பியிருந்தது கையைவிட்டுப் போனது. "பதினேழு. திருமதி சுகந்தி தண்டபாணி." எழுந்தாள். கோப்பை எடுத்துக்கொண்டு போகத்தான் நினைத்தாள், ஆனால் அது நாற்காலியிலேயே இருந்தது, மேடையேறிய பிறகுதான் வெறுங்கையைப் பார்த்தாள். ஒலிவாங்கியில் முதலில் அவள் மூச்சுதான் கேட்டது. "வணக்கமுங்க. நான் ரெண்டு நிமிசம் அம்பது நொடிக்குத் தயார் பண்ணிட்டு வந்தேன். அதை விட்டர்றேன். பதினாலாவதாப் பேசுன சார் ஒரு கேள்வி கேட்டாருங்க, புள்ளைங்க பக்கத்தை யாரு எழுதுனதுன்னு. காத்தால திரையில போட்டதை நான் எழுதுனனுங்க. என்ற பொண்ணு மூணு நாளு யோசிச்சுட்டு இருந்தா, எனக்குப் பொறுக்கல, அவ குளிக்கப் போனப்ப எழுதி அனுப்பிட்டேன். ஆதிரை மேல தப்பு இல்லீங்க. அந்த ஒண்ணை எடுத்துருங்க. இனிமேப் புள்ளைங்களைக் கேக்கறதா இருந்தா நேர்ல வந்து கேளுங்க, நாங்க எடுத்துக் குடுக்கறதை வாங்காதீங்க. சொல்லாமக்கூட வாங்க. மில்லு விசயம் சொன்ன அம்மாவுக்கும் அதுதாங்க பதிலு, வந்து பாருங்க, எங்க வீட்டுக் கதவு தொறந்துதான் இருக்கும். ஆனா பாத்துட்டு, காத்திருந்து கேளுங்க." மோகன்ராம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆதிரையின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் குனிந்து எழுதிக்கொண்டாள். குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பொண்ணு வந்திருக்காளா?" தாரகை அவளாகவே எழுந்து நின்றாள். "அப்போ உன்னோட பதில் என்னம்மா?"

தாரகை பேசவில்லை. தரையைப் பார்த்தாள், பிறகு சன்னலைப் பார்த்தாள். யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். மேஜை மணி அடித்தது, சுகந்தியின் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது, அந்த டிங் பிள்ளைமேல் போய் விழுந்ததைப்போல அவளுக்குத் தோள் துடித்தது. அவ கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுவாங்க என்று ஒலிவாங்கியில் சொல்ல வாய் திறந்தாள், அதுவும் அவளுக்குப் பதிலாகப் பேசுவதுதான் என்று பட்டு மூடிக்கொண்டாள். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. ஏழு வந்தபோதுதான், எண்ணிக்கொண்டிருப்பது தான்தான் என்று தெரிந்தது. நிறுத்தினாள். நிறுத்தினதும் கூடம் முழுக்க அகலமாகிவிட்டது, அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள், உறையவில்லை, நன்றாக நின்று யோசித்துக்கொண்டிருந்தாள், இத்தனை பேர் பார்க்கும்போது. "வீட்டுல படிக்கறது ஸ்கூலைவிட நல்லா இருக்கான்னு கேட்டிருந்துச்சுங்க" என்றாள் தாரகை. "நான் ஸ்கூலுக்குப் போனது ரெண்டாவது வரைக்குந்தான். இப்பப் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணை மட்டும் வெச்சுட்டு எது நல்லதுன்னு எப்படிங்க சொல்றது? அதான் என்ன எழுதறதுன்னு பாத்துட்டு இருந்தேன்." தலைவி சிரித்தார். "தெரியாதுன்னே எழுதியிருக்கலாமே?" "அதை எழுதலாம்னு குளிக்கறப்பத்தாங்க தோணுச்சு. வந்து பாத்தா கவர் போயிருச்சு." கூடம் வெடித்துச் சிரித்தது, ஆசிரியர் சங்கத்துக்காரர் முதலில் சிரித்தார், மோகன்ராம்கூடத் தலையிலிருந்து ஒரு கையை எடுத்தார். சுகந்திக்குக் கண் கரித்தது. எடுத்துப் போடச் சொன்ன அந்த இரண்டு வரியைவிட இது எவ்வளவு உயர்ந்த பதில். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கோன் இல்லாமல் ரிப்போர்ட் கொடுக்க மாட்டேன் என்கிறாள், தன் அம்மா பதினோரு வருஷம் சொன்னதை, யாரும் சொல்லிக்கொடுக்காமல். 'இவ என்ற பொண்ணுங்க' என்று அந்த மணியைப் பிடுங்கி அடிக்கவேண்டும்போல இருந்தது.

மேடையைவிட்டு இறங்கி வந்து, நாற்காலியில் இருந்த கோப்பைத் தாரகையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். குழு என்ன எழுதும் என்று தெரியவில்லை, ஜூனில் என்ன ஆகும் என்று தெரியவில்லை, வாட்ஸப்பில் இனி மோகன்ராம் காலை வணக்கம் அனுப்புவாரா என்பதும் சந்தேகம்தான். "மொதல்லயே தெரியுமா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். "ம்" என்றாள் தாரகை. "பொறவு எதுக்கு யாருன்னு கேட்ட?" "நீ சொல்லுவியான்னு பாத்தேன்." சொல்லாமல் கொள்ளாமல் கிடங்குக்குள் வந்து, தூசி படிந்த மூலையிலிருந்து கோனை உருவியிருக்கிறாள். சுகந்திக்கு அடி விழுந்தமாதிரியும் இருந்தது, சிரிப்பும் வந்தது. ஆதிரை குனிந்தபடி வரிசைக்குள் நுழைந்து வந்தாள், கோபம் இன்னும் முகத்தில் கொஞ்சம் இருந்தது, ஆனால் கையில் ஒரு வெள்ளைப் படிவம், பிள்ளைக்கான அந்த ஒரு பக்கம். தாரகை வாங்கிக்கொண்டாள். "எப்பக்கா தரணும்?" ஆதிரை சுகந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீயே சொல்லு" என்றாள். "முடிஞ்சதும் தர்றேன்." மேடையில் பதினெட்டு பேச ஆரம்பித்திருந்தார். தாரகை கோப்பின் மேல் காகிதத்தை வைத்து, "அம்மா, பேனா" என்று கையை நீட்டினாள். சுகந்தி பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, காகிதம் கண்ணில் படாதபடி தன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.